இடக்கண்

மார்கழி மழை விட்ட காலை,
சங்கிலியன் தோப்பு வளைவின் நெற்றியில்
அது குந்தியிருந்தது.
கருடனில்லை.
கருடனென்றால்
பருத்தித்துறை பஸ்ஸுக்கு நின்றவர்கள்
கன்னத்தில் போட்டிருப்பார்கள்.
இது வல்லூறு.
பனிநாட்டிலிருந்து
எந்தத் தூதரகத்திலும் வரிசையில் நிற்காமல்
வருடாவருடம் வந்துபோகிற ஒன்று.
கண்ணுக்குக் கீழே கறுப்பாய் ஒரு பட்டை,
அழுத பெண்ணின் மை இறங்கியதுபோல.
ஆனால் அது அழுகிற முகமில்லை.

சைக்கிளை நிற்பாட்டினேன்.

நைல் கரையின் ஆதி அரசர்கள்
பெயரை வெறுமனே வெட்டுவதில்லை.
முதலில் ஓர் அரண்மனை முகப்பைக் கீறுவார்கள்.
முகப்புக்குள்ளே பெயர்.
முகப்பின் மேலே வல்லூறு, ஹோரஸ்.
பறவையின் காலடியில் இருக்கும்வரை
அந்தப் பெயர் கடவுள்.
செத்தால் அவன் ஒசிரிஸ், கீழுலகத்துக்காரன்.
உடனே மகன் ஹோரஸ்.
பறவை எழும்புவதேயில்லை;
கீழே பெயரை மட்டும் மாற்றி வெட்டுவார்கள்.

இங்கே முகப்பு நிற்கிறது.
பறவையும் வந்துவிட்டது.
வளைவுக்குள் எட்டிப் பார்த்தேன்:
ஈரத்துக்கு ஒதுங்கிய ஓர் ஆடு,
அதற்கப்பால் வானம்.

பத்து மணிக்கு மரியநேசன் வந்தான்.
குருநகர். மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கிற வேலை.
என் வேலை கண் செய்வது,
ஆஸ்பத்திரி வீதியில்
பார்மசிக்கு மேல்மாடியில்.
அவனுடைய பழைய கண்
குழிக்குள் ஆடத் தொடங்கியிருந்தது.
"பார்வை கேட்கேல்லை அக்கா,
பார்க்கிறவை பாவம் எண்டு சொல்லாட்டிக் காணும்."
இடது கண்.
ஷெல் துண்டு போன வழி
கன்னத்தில் இறங்கி நுனியில் சுருண்டிருந்தது.
காலையில் கண்ட அதே பட்டை.

வெள்ளைக்குள் நரம்பு ஓட
சிவப்பு நூலைப் பிரித்துப் பிரித்துப் பதித்தேன்.
கை நிதானத்துக்கு ஏதாவது கதைக்கவேணும்.
சொன்னேன்:
தமையனைக் கொன்றான் சேத்.
துண்டு துண்டாய் எறிந்த உடலை
மனைவி தேடித் தேடிப் பொறுக்கினாள்.
மகன் சிம்மாசனம் கேட்டுப் போனான்.
சித்தப்பன் அவன் இடக்கண்ணைப் பிடுங்கினான்.
இடக்கண்தான் நிலா,
அதனால்தான் அது தேய்கிறது.
தேவர்கள் கூடி வழக்கு விசாரித்தார்கள்.
எண்பது வருடம்.

"எண்பதோ?"
மரியநேசன் சிரித்தான்.
"அப்ப எங்களுக்கு இன்னும் கிடக்கு."

நூல் அறுந்தது. வேறொன்று எடுத்தேன்.

தோத் என்ற எழுத்துக்காரத் தெய்வம்
கண்ணைக் கண்டெடுத்து முழுசாக்கிக் கொடுத்தது.
"பிறகு போட்டவனோ?"
போடவில்லை.
செத்த அப்பாவுக்குக் கொண்டுபோய்ப் படைத்தான்.
அதை உண்டு
அப்பா இருட்டுக்குள் எழுந்து குந்தினார்.

அவன் பேசவில்லை.
கருவிழிக்கு மண்ணிறம் கலந்தேன்,
ஓரத்தில் இம்மியளவு மஞ்சள்,
வலக்கண்ணைப் பார்த்துப் பார்த்து.
மின்சாரம் ஒருமுறை போய் வந்தது.

மாட்டிவிட்டு முகக்கண்ணாடியை நீட்டினேன்.
வெகுநேரம் வாங்கவில்லை.
வாங்கியதும்
கண்ணைப் பார்க்காமல்
தழும்பைத்தான் விரலால் தடவிப் பார்த்தான்.

படியிறங்கப் போனவன் திரும்பினான்.
"பழசை என்ன செய்வியள்?"
எறிவோம் என்றேன்.
"எறியாதேங்கோ."
பஞ்சில் சுற்றி
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.
தகப்பன் எங்கே என்று
நான் கேட்கவில்லை.
கடலா, காடா, கோப்பு இலக்கமா?
இந்த ஊரில் அது
பற்றுச்சீட்டு எழுதும்போது கேட்கிற கேள்வியில்லை.

மாலை அதே வழியால் வந்தேன்.
வளைவின் மேல் ஒன்றுமில்லை.
உள்ளே,
பெயர் வெட்டவேண்டிய இடத்தில்
புறாச் சிறகு நாலைந்து
ஈரமண்ணில் ஒட்டிக்கிடந்தது.
ஆடு அதை முகர்ந்துபார்த்துவிட்டு
அப்பால் போனது.